உள்ளேன் டீச்சர்



இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவுக்கு ‘இளங்குழந்தைகள்பால் ஆசிரியர் கொள்ளும் அன்பு’ என்று தலைப்புக் கொடுத்து, என்னைக் கேட்கும் முன்பே அழைப்பிதழிலும் அச்சடித்துவிட்டார்கள். 37 வருஷம் ஒண்ணாப்பும் ரெண்டாப்பும் பார்த்தவளாயிற்றே, கொட்டிவிடுவாள் என்று நினைத்திருப்பார்கள். எனக்கு அந்தத் தலைப்பைப் பார்த்ததும் கூச்சமாகிவிட்டது. பிள்ளைகளோடு இருக்கிறபோது அன்பு என்ற வார்த்தையை நான் ஒருநாளும் சொன்னதில்லை. வாயில் வந்ததெல்லாம் ‘மூக்கைத் துடை’, ‘பென்சிலைக் கடிக்காதே’, ‘சண்டை போடாதே’ இவைதான். ஆகவே தலைப்பை ஓரமாக வைத்துவிட்டு ஒரு நோட்டைப் பற்றிப் பேசுகிறேன். அட்டெண்டன்ஸ் நோட்டு. அரசாங்கக் கணக்கில் மாணவர் வருகைப் பதிவேடு.

இங்கே இருக்கிற ஆசிரியர் பயிற்சி மாணவிகள் அதைப் பார்த்திருப்பீர்கள். நீளவாக்கில் இருக்கும். இடது ஓரம் பெயர்கள், வலதுபக்கம் மாதத்தின் நாள்களுக்குக் கட்டங்கள். காலையில் வந்த பிள்ளைக்கு ஒரு சாய்கோடு. மத்தியானமும் இருந்தால் எதிர்ச்சாய்வில் இன்னொரு கோடு. இரண்டும் சேர்ந்து பெருக்கல் குறி. வராத பிள்ளைக்கு ‘ஏ’ என்ற ஆங்கில எழுத்து. நீண்ட நாள் வராத பெயரின் குறுக்கே சிவப்பு மையில் ஒரு கோடு. இவ்வளவுதான் சட்டப்படி. நான் கூடுதலாக ஒன்று செய்வேன். பெயருக்குப் பக்கத்தில் மெலிசாகப் பென்சிலில் இரண்டு சொல் எழுதிவைப்பேன். ‘அம்மா மலை’, ‘அம்மாச்சி வீடு’, ‘காதில் சீழ்’, ‘சாப்பிடலை’. அதிகாரி ஆய்வுக்கு வருகிறார் என்று தெரிந்தால் முதல்நாள் சாயங்காலம் ரப்பர் வைத்து அழித்துவிடுவேன். பதிவேட்டில் கிறுக்கக் கூடாது அல்லவா.

ஜூன் மாதம் எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் இரண்டு திறப்புகள் நடக்கும். அணையில் தண்ணீர் இருந்தால், 14,707 ஏக்கர் இருபோக நிலத்தின் முதல் போகத்துக்கு ஜூன் 1-ஆம் தேதி முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரைத் திறந்துவிடுவது வழக்கம். அதை ஒட்டியே பள்ளிக்கூடமும் திறக்கும். நாற்றங்காலுக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு, காலில் சேறு காயாமல், பிள்ளையை ஒண்ணாப்பில் சேர்க்க வந்து நிற்கிற அப்பன்மார்கள் உண்டு.

ஒண்ணாப்புப் பிள்ளைக்குத் தன் பெயர் தெரியாது. சிரிக்காதீர்கள், நிஜம். வீட்டில் பாப்பா, தங்கம், சின்னவன், கருவாயன் என்று கூப்பிட்டுத்தான் அதற்குப் பழக்கம். பதிவேட்டில் இருக்கிற முத்துப்பேச்சியும் அப்துல் காதரும் ஆரோக்கிய மேரியும் யாரோ வேறு ஆள்கள். அணை கட்டிய கர்னல் பென்னிகுயிக்கின் பெயரை இன்றும் பிள்ளைகளுக்கு வைக்கிற மண் இது. என்னிடமும் ஒரு பென்னிகுயிக் படித்தான். முதல் வாரம் முழுக்க நான் “பென்னிகுயிக்” என்று கூப்பிட, அவன் சன்னல் வழியாகப் புளியமரத்து அணிலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குத் தெரிந்தது ‘குட்டி’ மட்டும்.

அதனால் முதல் இரண்டு வாரம் ஒண்ணாப்பு டீச்சருக்கு வேறு பாடம் கிடையாது. பெயரைக் கூப்பிட வேண்டும், எழுந்து போய்த் தோளைத் தொட வேண்டும், “இது நீதான்டா” என்று சொல்ல வேண்டும். ஒருநாள் திடீரென்று பிடிபடும். “உள்ளேன் டீச்சர்” என்பதை ஒரே சொல்லாக்கி, “உள்ளேண்டீச்சர்” என்று கூரை அதிரக் கத்தும். அந்த முதல் கத்தலுக்கு நான் எந்தப் பிள்ளையையும் அதட்டியதில்லை. ஒரு பிள்ளை வராவிட்டால் பக்கத்துப் பிள்ளை பதில் சொல்லும்: “அவ வரமாட்டா டீச்சர், அவுங்க அம்மாச்சிக்குக் காய்ச்சல்.” ஊரில் யார் வீட்டில் என்ன என்பது காலை பத்து மணிக்குள் எனக்குத் தெரிந்துவிடும். அதைத்தான் பென்சிலில் எழுதினேன்.

‘அம்மா மலை’ என்று சொன்னேனே, அதை வெளியூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டும். கம்பத்திலிருந்து கம்பமெட்டு வழியாக, கூடலூரிலிருந்து குமுளி வழியாக, போடியிலிருந்து போடிமெட்டு வழியாக, இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குத் தினமும் ஜீப்புகள் ஏறுகின்றன. களையெடுப்பு, கவாத்து, காய் எடுப்பு என்று வருஷம் முழுக்க ஏதாவது ஒரு வேலை. விடிவதற்கு முன்னே கிளம்பிவிடுவார்கள். ஒரு ஜீப்பில் எத்தனை பேர் என்று கேட்காதீர்கள். எத்தனை பேர் ஏறுகிறார்களோ அத்தனை பேர். தூங்குகிற பிள்ளையை எழுப்பாமல் தூக்குவாளியில் கஞ்சியை ஊற்றிக்கொண்டு தாய் கிளம்பிவிடுவாள். பள்ளி விட்டு வெகுநேரம் கழித்துத்தான் இறங்குவாள். தலை வாரிவிடுவது அம்மாச்சியோ மூணாப்பு படிக்கிற அக்காவோ. எந்தப் பிள்ளையின் வகிடு கோணலாக இருக்கிறதோ, அதன் அம்மா அன்றைக்கு மலைக்குப் போயிருக்கிறாள். என் கணக்கு அநேகமாகத் தப்பாது.

காலைச் சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. மத்தியானப் பசியைக் காமராசர் காலத்திலேயே அரசாங்கம் ஏற்றுக்கொண்டது, 1982-ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். காலைப் பசிக்கு இன்னும் நாற்பது வருஷம் ஆயிற்று. 2022 செப்டம்பர் 15-ஆம் தேதி மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கி முதலில் 1,545 பள்ளிகளுக்குப் போயிற்று. 2023 ஆகஸ்ட் 25 முதல் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும். எங்கள் பள்ளிக்கு அந்த ஆகஸ்டில்தான் வந்தது. நான் ஓய்வு பெற்றது மே மாதம். மூன்று மாதத்தில் தவறவிட்டேன் என்று இன்னும் மனசு அடித்துக்கொள்கிறது. என் காலத்தில் பீரோவில் பொட்டுக்கடலை டப்பா ஒன்று இருந்தது, அவ்வளவுதான். அதைத் தியாகம் என்று யாரும் எழுத வேண்டாம். பசியோடு இருக்கிற பிள்ளைக்கு ‘அ’னா ஏறாது, என் வேலை நடக்க வேண்டுமே, அதற்காக வைத்திருந்தேன்.

தாய் தகப்பன் வேலைக்குப் போய்விட்டால் பிள்ளை என்ன செய்யும் என்ற கேள்வியில் பிறந்ததுதான் உலகம் கொண்டாடுகிற ஒரு கல்வி முறை. ரோம் நகரத்தில் சான் லொரென்சோ என்பது கூலிக்காரர் குடியிருப்பு. பெரியவர்கள் வேலைக்குப் போன பிறகு பொடிசுகள் சுவரைக் கிறுக்கி, படிக்கட்டைப் பாழாக்கிக்கொண்டிருந்தன. கட்டட உரிமையாளர்கள் பிள்ளைகளுக்காக அழவில்லை. சுண்ணாம்புச் செலவுக்காக அழுதார்கள். ஓர் அறையைக் கொடுத்து, ஒரு பெண் டாக்டரைப் பொறுப்பாக்கினார்கள். 1907 ஜனவரி 6-ஆம் தேதி திறந்த அந்த அறைதான் மரியா மாண்டிசோரியின் முதல் ‘குழந்தைகள் வீடு’. 1939-ல் அவர் சென்னை அடையாற்றுக்கு வந்தார். அடுத்த வருஷம் இத்தாலி போரில் குதித்ததால் ஆங்கில அரசுக்கு எதிரி நாட்டுக்காரராகிவிட்டார். 1942 முதல் 1944 வரை அவர் இருந்தது எங்கே தெரியுமா? கொடைக்கானலில். பெரியகுளத்துக்காரர்கள் தலையை நிமிர்த்தினால் தெரிகிற மலை. அங்கே ஒரு சின்னப் பள்ளி. உதவிக்கு இலங்கையின் லீனா விக்ரமரத்ன.

இன்றைக்கு மாண்டிசோரி என்ற பெயர் தேனியிலும் கம்பத்திலும் கட்டணம் வாங்குகிற நர்சரிகளின் போர்டில் இருக்கிறது. யாருக்காகத் தொடங்கியதோ அந்தக் கூலிக்காரர் பிள்ளைகள் அந்த வாசலைத் தாண்ட முடியாது. அது கிடக்கட்டும். மாண்டிசோரி முறையில் ஆசிரியரின் முதல் வேலை குழந்தையை உற்றுக் கவனிப்பது. அம்மையார் டாக்டருக்குப் படித்தவர் அல்லவா, நோயாளியைப் பார்க்கிற கண். என் பென்சில் குறிப்புக்கு அவ்வளவு பெரிய பெயரெல்லாம் கிடையாது. ஆனால் படித்தபோது, பக்கத்து மலையில் ஒரு பெரியம்மா இருந்திருக்கிறார் என்று தோன்றியது.

அட்டெண்டன்ஸ் எடுப்பதை எல்லோரும் அன்பாகப் பார்த்துவிடவில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், 1986. ஒரு பெரியவர் பேத்தியைக் கொண்டுவந்து விட்டார். போகாமல் கதவோரமாகவே நின்றார். நான் பெயர்களைக் கூப்பிட்டு முடித்ததும் கேட்டார்: “எதுக்குத் தாயி பேரு கூப்பிடுறீக? வராட்டிப் பிடிச்சுட்டுப் போவீகளா?” கிண்டல் என்று நினைத்துச் சிரித்துவிட்டேன். பிறகு சக ஆசிரியர் ஒருவர் என்னைத் தனியே கூப்பிட்டு விவரம் சொன்னார்.

1911-ஆம் வருஷத்துக் குற்றப் பரம்பரைச் சட்டம். ஜனங்கள் வாயில் ரேகைச் சட்டம். பிரமலைக் கள்ளர் குடும்பத்து ஆண்களின் பெயரை எழுதி, கைரேகை எடுத்து, இரவானால் போலீஸ் காட்டுகிற இடத்தில் வந்து ஆஜர் சொல்லிப் படுக்க வேண்டும் என்றார்கள். ரேகை வைக்க மாட்டோம் என்று மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி துப்பாக்கிச் சூடு நடந்தது. மாயக்காள் என்ற பெண்ணையும் சேர்த்து 16 பேர் செத்தார்கள். அதே காலத்தில் ‘கள்ளர் சீரமைப்பு’ என்ற பெயரில் அரசு பள்ளிகளையும் திறந்தது. அந்தப் பள்ளிகள் மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் இன்றும் இருக்கின்றன. யோசித்துப் பாருங்கள்: பகலில் மகன் பள்ளிக்கூடத்தில் ‘உள்ளேன் ஐயா’, இரவில் அப்பன் சாவடியில் ‘ஆஜர்’. சட்டம் 1947-ல்தான் ஒழிந்தது. அந்தப் பெரியவர் இளவட்டத்தில் அந்த வரிசையில் நின்றவர். பெயர் கூப்பிடுகிற சத்தம் அவர் காதில் எப்படி விழுந்திருக்கும்! மறுநாள் அவரைப் பார்த்து மன்னிப்புக் கேட்கலாம் என்றிருந்தேன். அவர் வரவில்லை, பேத்தி தனியாகவே வந்தாள்.

நோட்டு ஒன்றுதான், வேவு பார்க்கவும் அதையே எடுக்கலாம், பிள்ளையைத் தேடவும் அதையே எடுக்கலாம். என் கையிலேயே அது ஒருநாள் கெட்டது. அதைச் சொல்லாமல் இந்த மேடையிலிருந்து இறங்கினால் நான் பேசியதெல்லாம் பொய்.

90-களின் தொடக்கம். உதவித்தொகைப் படிவம் அன்றைக்கே போக வேண்டும் என்று ஆள் வந்து நிற்கிறார். நான் அவசரத்தில் வகுப்பைப் பார்த்து, “எஸ்.சி. பிள்ளைகள்லாம் எந்திரிச்சு நில்லுங்க” என்றேன். வருஷாவருஷம் எல்லாப் பள்ளியிலும் அப்படித்தான். பெரிய பிள்ளைகள் பழகியிருந்தார்கள், எழுந்தார்கள். ரெண்டாப்புப் பிள்ளை ஒருத்தி பாதி எழுந்த வாக்கில் என்னைப் பார்த்துக் கேட்டாள்: “டீச்சர், நான் எந்திரிக்கணுமா?” அவளுக்குத் தெரியவில்லை. எனக்கும் நினைவில்லை. பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தேன், அதில் இருந்தது. “ஆமா” என்றேன்.

மத்தியானம் சத்துணவுக்கு உட்கார்ந்தபோது வரிசை மாறியிருந்தது. முதல்நாள் வரைக்கும் அவளோடு ஒட்டி உட்கார்ந்த பிள்ளை இரண்டு தட்டு தள்ளி உட்கார்ந்தாள். நான் எந்தப் பாடமும் நடத்தவில்லை; பிள்ளைகள் தாங்களே படித்துக்கொண்டார்கள். பேரைச் சொன்னால் எழுந்திரு என்று சொல்லிக் கொடுத்தவளே, பேரில்லாமல் அவளை எழுப்பிவிட்டேன். அதற்குப் பிறகு படிவங்களை வீட்டுக்குக் கொண்டுபோய் இரவில் நானே எழுதினேன். நாங்குநேரியில் பள்ளி மாணவர்களுக்குள் நடந்த சாதி வன்முறைக்குப் பிறகு அமைத்த நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக் கூடாது, ஆசிரியர் சாதியைச் சொல்லிப் பிள்ளையைக் கூப்பிடக் கூடாது என்று பரிந்துரைத்திருக்கிறார்கள். படித்ததும், ‘முப்பது வருஷத்துக்கு முன்னால் யாராவது எனக்கு இதைச் சொல்லியிருக்கலாமே’ என்று நினைத்தேன். உடனே வெட்கமாகவும் இருந்தது. இதைச் சொல்லித்தர ஒரு நீதிபதி வேண்டுமா?

பிரம்பைப் பற்றிக் கேட்பீர்கள். ‘கண்ணு ரெண்டையும் விட்டுட்டு மிச்சத்தை உரிச்சிருங்க டீச்சர்’ என்று பெற்றவர்களே உத்தரவு கொடுத்துவிட்டுப் போகிற காலத்தில் நான் சேர்ந்தேன். கல்வி உரிமைச் சட்டம் 17-ஆம் பிரிவில் அடிப்பதையும் மனசு நோகடிப்பதையும் தடுத்துவிட்டது. நல்லதாயிற்று. அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை.

ஜீப்புக்குத் திரும்ப வருகிறேன். மலைப்பாதையில் ஜீப்பு கவிழ்ந்தது என்று செய்தி வராத வருஷம் எங்களுக்குக் கிடையாது. ஒரு தடவை மத்தியானம் மணி ரெண்டு இருக்கும், ரோட்டில் போன ஒருவர் சன்னல் வழியாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். வகுப்பு அப்படியே நின்றுபோயிற்று. ஒரு பையன் மட்டும் கேட்டான், “எந்த ஜீப்பு டீச்சர்?” ஆறு வயசு. எந்தப் பிள்ளையின் தாய் எந்த டிரைவர் வண்டியில் போவாள் என்பது அவர்களுக்கு மனப்பாடம். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கதை சொன்னால் கேட்க மாட்டார்கள், பாட்டு வாயில் வராது. நோட்டை எடுத்து மறுபடியும் அட்டெண்டன்ஸ் எடுத்தேன். மெதுவாக, ஒவ்வொரு பெயராக, பதில் வரும்வரை காத்திருந்து. முடிந்ததும் இன்னொரு தடவை. மூன்றாவது சுற்றில் தலைமை ஆசிரியர் விசாரித்துவிட்டு வந்தார். எங்கள் ஊர் வண்டி இல்லை. வேறு ஏதோ ஓர் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அந்த நேரம் வேறு மாதிரி இருந்திருக்கும்.

பெயரை அடிக்கிற சிவப்பு மைக் கோட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். குடும்பத்தோடு தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்குக் குடிபோய்விட்டால் பிள்ளை சொல்லாமல் மறைந்துபோகும். பீர்மேடு, தேவிகுளம் பக்கம் தமிழ்வழிப் பள்ளிகள் உண்டு. போய்ச் சேர்ந்தால் சந்தோஷம். சேராமல் தம்பியைப் பார்த்துக்கொண்டு லயத்திலேயே நின்றுவிட்ட பெண் பிள்ளைகளும் உண்டு. விதிப்படி அடிக்க வேண்டிய நாளுக்குப் பிறகும் கொஞ்ச நாள் அந்தப் பெயர்களை அடிக்காமல் கூப்பிட்டிருக்கிறேன். பதில் வராத பெயருக்குப் பின்னால் வகுப்பு ஒரு நிமிஷம் அமைதியாக இருக்கும். அப்புறம் யாராவது, “அவன் மலையில இருக்கான் டீச்சர்” என்பார்கள்.

கடைசி வருஷங்களில் கைப்பேசியில் வருகைப் பதிவு வந்தது. நான் புதுமைக்கு விரோதி இல்லை. எமிஸ் என்கிற அரசின் கல்வித் தகவல் தளத்தில் எத்தனையோ நல்லது இருக்கிறது. ஆனால் செயலியில் அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது நான் என்ன செய்தேன்? தலையை எண்ணிப் பார்த்து, வராத பெயரை மட்டும் தொட்டு மாற்றி, அனுப்பிவிட்டேன். ஒரு நிமிஷ வேலை. சிக்னல் இல்லாவிட்டால் வேப்பமரத்தடிக்குப் போக வேண்டும், அது தனிக் கதை. மூன்றாவதோ நாலாவதோ நாள் ஒண்ணாப்புச் சிறுமி ஒருத்தி மேசைக்கு வந்து சேலைத் தலைப்பை இழுத்தாள். “டீச்சர், இன்னைக்கு எம் பேரச் சொல்லவேயில்ல.”

அன்றைக்கு நான் அவளுக்கு ஐந்து வாக்கியம் வாசிக்கச் சொல்லிக் கொடுத்திருந்தேன், நோட்டில் நட்சத்திரமும் போட்டிருந்தேன். அவள் கணக்கில் அதெல்லாம் சேரவில்லை. பேச்சுச் சுட்டியான பிள்ளையின் பெயரை நாள் முழுக்கச் சொல்கிறோம், சேட்டைக்காரன் பெயரை அதைவிட அதிகம் சொல்கிறோம். நடுவில் ஒரு கூட்டம் சத்தமில்லாமல் வந்து சத்தமில்லாமல் போகிறது. அவர்கள் பெயர் டீச்சர் வாயில் நிச்சயமாக வருகிற ஒரே நேரம் அட்டெண்டன்ஸ்தான். அதையும் பிடுங்கிவிட்டிருந்தேன்.

பயிற்சி மாணவிகளே, உங்களிடம் அன்பு இல்லாமல் போய்விடும் என்ற பயம் எனக்கில்லை. நேரம் இருக்காது என்பதுதான் பயம். சட்டப்படி 60 பிள்ளைகள் வரைக்கும் இரண்டு ஆசிரியர். வகுப்பு ஐந்து. அந்த இரண்டு பேரில் ஒருவர் தலைமை ஆசிரியர். சம்பளப் பட்டியலிலிருந்து மேலாண்மைக் குழுக் கூட்டத்துப் போட்டோ வரைக்கும் அவர்தான் ஏற்ற வேண்டும். தொடக்கப் பள்ளிக்கு எழுத்தர் கிடையாது. இந்த நிலைமையில் ‘ஆசிரியர் தாயாக இருக்க வேண்டும்’ என்று மேடையில் பேசுகிறவர்கள்மேல் எனக்குக் கோபம் வரும். ஐந்து அடுப்பில் சமைக்கிற தாய் எந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பாள்?

தங்கள் தாயாரின் நினைவாக இந்த அறக்கட்டளையை நிறுவியிருக்கும் குடும்பத்தாரிடம் ஒரு விண்ணப்பம். வருகிற வருஷத்திலிருந்து ‘அன்பாசிரியர்’ என்று ஒருவரைத் தேர்ந்தெடுத்துச் சால்வையும் கேடயமும் கொடுக்கலாமா என்று நேற்று என்னிடம் கேட்டீர்கள். எங்கள் வீட்டு அலமாரியில் கேடயங்கள் இருக்கின்றன. தூசி தட்டுவது என் மருமகள். அந்தப் பணத்தை வைத்து, எழுத்து வேலைக்கு ஆள் இல்லாத மூன்று நான்கு ஈராசிரியர் பள்ளிகளுக்குப் பொதுவாக, கணினி தெரிந்த உள்ளூர்ப் பெண் ஒருத்தியைச் சம்பளத்துக்குப் போடுங்கள். ஆண்டு மலரில் போட்டோ வராது, பரவாயில்லை. செயலியில் ஏற்ற வேண்டியதையெல்லாம் அவள் ஏற்றட்டும். டீச்சர் நோட்டைத் திறந்து, முதல் பெயரிலிருந்து கூப்பிடட்டும்.